கழித்த காய்

நாற்பத்தைந்தாம் நாள் காலையில்
பூ உதிர்ந்த காம்புகளில்
ஊசி ஊசியாய்த் தொங்கியது பீன்ஸ்.
அன்றிலிருந்து என் உறக்கம்
காய்களின் கையில்.

ம்வேயாவில், வாய்க்கால் கரையில்,
குத்தகைக்கு எடுத்த அரை ஏக்கர்.
விதை கம்பெனி தந்தது, கடனாக.
மருந்து கம்பெனி தந்தது, கடனாக.
மருந்தடித்த தேதி, அதன்பின்
பறிக்கலாகாத நாட்கள்,
எல்லாம் நோட்டில் இருக்கிறது.
தண்ணீர் மட்டும் கடனில்லை;
அதற்கு ராத்திரி இரண்டு மணிக்கு
மண்வெட்டியோடு எழுந்தால் போதும்.
உழுதவள் கணக்குப் பார்த்தால்
உழக்காவது மிஞ்சுமா என்று
பார்த்துவிடத்தான் இந்த நோட்டு.

இந்தக் காய்க்கு ஞாயிறு தெரியாது.
சனிக்கிழமை மாலை செடியில்
சுண்டுவிரலில் பாதி இருக்கும்.
ஒருநாள் விட்டுவைத்தால்
திங்களன்று தொப்பை தள்ளிவிடும்.
தொப்பையை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.
ஆகவே தேவாலய மணி அடிக்கையில்
நான் முழங்காலிட்டிருப்பது
பாத்தியில்தான்.
போதகர் ன்ஜாகி இதை
ஜெபத்தில் சேர்ப்பதில்லை.

நாலு மணிக்கு லாரி.
அதற்கு முன் கிமோதோ.
தகரக் கொட்டகையில் ஒரு மேசை, ஒரு தராசு,
ஆறு மில்லிமீட்டர் துளையிட்ட
ஒரு பிளாஸ்டிக் அட்டை.
நுழைந்தது லண்டன் போகும்.
நுழையாதது வீடு திரும்பும்.
வளைந்ததும் ஆகாது.
"நேராக எங்கே படுக்க வேண்டும் இது,
தின்கிறவன் வயிற்றிலா?" என்றேன்.
"பெட்டியில்" என்றான்.
நியாயம்தான். பெட்டி நேர்.
பன்னிரண்டு கிலோவில் நாலு கழிந்தது.
எட்டுக்கு மட்டும் காசு, கிலோ நாற்பது ஷில்லிங்.
பறித்த இருவருக்குக் கூலி
பன்னிரண்டுக்கும்.

கழித்ததை வேறு யாருக்கும்
விற்கக் கூடாது; ஒப்பந்தம், நாலாம் பக்கம்.
ஆட்டுக்குப் போட்டேன்.
மூன்றாம் நாள் ஆடே
முகத்தைத் திருப்பிக்கொண்டது.
கொடுக்கக் கூடாது என்று
எந்தப் பக்கத்திலும் இல்லை.
நாலு கிலோவைக் கூடையில் நிரப்பி
பூசணி இலையால் மூடி
மகன் முரெய்தியின் தலையில் ஏற்றி
தேவாலயத்துக்கு அனுப்பினேன்.

காணிக்கைப் பொருளை அங்கே ஏலம் விடுவார்கள்.
நகக்கண்ணெல்லாம் பச்சையாக
நான் போய்ச் சேர்ந்தபோது
கடைசிப் பாட்டு முடிந்திருந்தது.
ஒரு சேவல் போயிற்று. ஒரு வாழைத்தார்.
பிறகு என் கூடை.
நூறு என்றது ஒரு குரல்.
நூற்றைம்பது. இருநூறு.
வாவீரா தன் புருஷன் விலாவில் இடித்தாள்.
மூன்றாம் வரிசையில் ஒரு கை உயர்ந்தது.
முன்னூறு.
கிமோதோ.

வளைந்தது, தொப்பை தள்ளியது,
நுனி கறுத்தது ஒன்றிரண்டு,
எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு
ஞானஸ்நானத்துக்குப் பிள்ளை கொண்டுவந்த
தகப்பன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.
ஆண்டவர் முன்னால் கணக்குப் போடுவது
பாவமாக இருக்கலாம். போட்டேன்.
கிலோ எழுபத்தைந்து.
லண்டனைவிட முப்பத்தைந்து கூடுதல்.

பணம் தேவாலயக் கூரைக்கு; எனக்கில்லை.
அதற்கு நோட்டில் கட்டம் எதுவும் கிடையாது.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
வரவேண்டியது முன்னூறு. கர்த்தர்.

பருவக் கடைசியில்
கடன் போய், கூலி போய், குத்தகை போய்
பதினோராயிரத்துச் சொச்சம் நின்றது.
உழக்கு இல்லை, ஒரு மரக்கால் என்று வையுங்கள்.
பம்புக்குப் புதுக் குழாய் வாங்கினேன்.
அது பிறகு.

அந்தத் திங்களன்று
அதே அட்டை, அதே கிமோதோ.
கறி எப்படி இருந்தது என்று
நான் கேட்கவில்லை.
ஒவ்வொன்றாய் நுழைத்துப் பார்த்தான்,
ஒரு காய்க்கும் இரக்கப்படவில்லை.
ஐந்து கிலோ கழிவு.
கையெழுத்துப் போடு என்றான். போட்டேன்.

லாரி போய்ப் புழுதி அடங்கியதும்
கூடையைப் பார்த்தபடி,
என்னைப் பார்க்காமல் கேட்டான்:
"இது ஞாயிறுவரை தாங்குமா?"